பெருந்துறை ஜப்பான்காரர்

கொங்கு நாட்டையே சல்லடை போட்டுச் சலித்தாலும் ஜப்பான்காரரைப்போல் ஒரு வாயாடி கிடைக்கமாட்டார். பந்தயம் கட்டிச் சொல்வேன். அப்படிப்பட்ட மனிதரை, மத்தியானம் கடை திறப்பதிலிருந்து மூடுவது வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில் வேலைக்கு வைத்திருந்தார்கள். கரும்புக்காட்டுக்குள் யானையை விட்டு, தின்னாமல் நில் என்று சொன்ன மாதிரிதான்.

அவர் ஜப்பான்காரர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெருந்துறைக்காரர். நேபாளத்திலிருந்து பெருந்துறை தொழிற்பேட்டைக்கு மில் வேலைக்கு வந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். அவர் பிறந்தது பெருந்துறை, பள்ளிக்கூடம் போனது பெருந்துறை, எட்டாவது ஃபெயிலானதும் பெருந்துறைதான். முகம் மட்டும் இமயமலைப் பக்கத்து முகம். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால் மஞ்சள் மண்டியில் நிற்கிறோமோ என்று தோன்றும்.

நாங்கள் வேலை பார்த்தது அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கட்டிடத்தின் உச்சி மாடியில் இருந்த ஜப்பான் ஓட்டலில். இருந்தது என்பதைவிடப் பதுங்கியிருந்தது என்று சொல்லலாம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே வெளிச்சமும் கிடையாது. மெனு கார்டைப் படிக்க வருகிறவர்கள் செல்போன் டார்ச்சை அடிப்பார்கள். விலை கண்ணில் பட்டதும் அணைத்துவிடுவார்கள். நான் அங்கே கேஷியர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன் என்பதால் எந்த நேரத்துக்கும் வருவான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளிக்குப் பம்ப் செட் கம்பெனி. மிஷின் வாங்க ஜப்பான் போனவர், அங்கே சுஷி சாப்பிட்டுவிட்டு அந்த ருசி மறக்காமல் இங்கே கடை போட்டுவிட்டார். காடி ஊற்றிப் பிசைந்த சோற்றை விரல் அளவுக்குப் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு பச்சை மீனை வைத்துக் கொடுப்பார்கள். அதுதான் சுஷி. மதுக்கரையில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, உங்க ஓட்டலுக்கு இன்னும் கேஸ் கனெக்சன் குடுக்கலயா?" என்றார்.

ஆரம்பத்தில் நிஜமான ஜப்பான் சமையல்காரர் ஒருவர் இருந்தார். பேச ஆளில்லாமல் சீக்கிரமே ஊருக்குப் போய்விட்டார். அவருக்குக் கூடமாட இருந்தவர் நம்மாள். முதலாளி இவரைக் கூப்பிட்டு ஏற இறங்கப் பார்த்தார்.

"இனிமே நீதான்டா ஜப்பான்காரன். யாரு என்ன கேட்டாலும் 'ஹை'ன்னு சொல்லிக் குனி. ஜப்பான்ல அப்படின்னா ஆமான்னு அர்த்தம். தமிழ்ல ஒரு வார்த்தை வந்துச்சு, அன்னைக்கே பெருந்துறை பஸ் ஏறிக்க வேண்டியதுதான்."

"ஹை" என்றார் ஜப்பான். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் ஜப்பான்தான்.

எதற்காக இந்த வேஷத்துக்கு ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். நானும் அவரும் பீளமேட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

"வேற எங்க போனாலும் இந்திக்காரன்னு ஒருமைல கூப்படறாங்ணா. ஜப்பான்காரன்னா மரியாதையாச்சும் கெடைக்குதுங்" என்றார்.

அது உண்மைதான். அவரோடு ஒரு நாள் வெளியே சுற்றினால் போதும், நமக்கே வெறுத்துவிடும். பஸ்ஸில் ஏறி, "காந்திபுரம் ஒண்ணு குடுங்கண்ணா" என்பார். கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காந்திபுரம்? தஸ் ருப்யா, தஸ்!" என்று இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டுவார். டீக்கடையில் "சக்கரை கம்மியா ஒரு டீங்" என்று இவர் கேட்டால், கடைக்காரர் "சீனி கம்?" என்று திருப்பிக் கேட்பார். சலூன்காரர் ஒருவர் மட்டும் ஒருநாள் கத்தரியை நிறுத்திவிட்டு, "தமிழ் நல்லாப் பேசறியேப்பா, வந்து எத்தனை மாசமாச்சு?" என்றார்.

"முப்பத்திரண்டு வருசமாச்சுங்" என்றார் ஜப்பான்.

ஓட்டலில் நடந்ததெல்லாம் தனிக் கூத்து. சுஷியோடு பச்சையாக ஓர் உருண்டை வைப்பார்கள். வசாபி என்று பெயர். கடுகளவு தொட்டுக்கொள்ள வேண்டிய காரம் அது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து மொத்த உருண்டையையும் எடுத்துவிட்டார். ஜப்பானுக்குப் பகீரென்றது. வாயைத் திறக்க முடியாதே. இரண்டு கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டித் தலையைப் பலமாக அசைத்தார். அது ஜப்பான் நாட்டு வணக்கம் போலிருக்கிறது என்று எண்ணிய பனியன்காரர், உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, தாமும் அதேபோல் கைகளை ஆட்டித் தலையை அசைத்து மரியாதை செய்தார். செய்து முடித்து, உருண்டையை எடுத்து விழுங்கினார்.

மறுநாள் காலை அறையில் ஜப்பான் புலம்பித் தள்ளிவிட்டார். "'வேண்டாமுங்'னு ஒத்த வார்த்தைங்ணா. நாக்கு நுனீல நின்னுபோட்டு உள்ள போயிருச்சுங். அந்த மனுசன் தலைல அடிச்சுக்கறாரு, நான் குனிஞ்சு ஹைங்கறேன்!"

பீளமேட்டில் ஒரு காலேஜ் பேராசிரியர் எங்கள் வாடிக்கைக்காரர். சாயங்கால வகுப்பில் ஜப்பான் மொழி படித்தவர். மனைவியை அழைத்து வந்து, ஜப்பானிடம் நீளமாக ஏதேதோ பேசுவார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், "ஹை". பேராசிரியர் மனைவி பக்கம் திரும்பி, "வடக்கு ஜப்பான் ஆளு. அங்கெல்லாம் குளிரு ஜாஸ்தி, அதனால கம்மியாத்தான் பேசுவாங்க" என்பார். அந்த அம்மாளும் இவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

தமிழ் தெரியாத ஆள் என்ற தைரியத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்கள். பாகப் பிரிவினை பேசினார்கள், பெண் பார்த்த கதை பேசினார்கள், பார்ட்னரைக் கழற்றிவிடும் யோசனை பேசினார்கள். தனியாக ஒரு அம்மணி வருவார். புருஷன் வெளிநாட்டில். "உனக்குப் புரியாதுன்னுதான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவரிடம் சொல்லி அழுவார். இவர் மீனை நறுக்கிக்கொண்டே ஹை, ஹை என்பார். அந்த அம்மணிக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆறுதல் முழுவதையும் மறுநாள் காலையில் எனக்குச் சொல்வார்.

"அழுவாதீங்கம்மணி. ஒரு நாயாச்சும் வளத்துங்க. ஊட்டுல ஒரு சத்தம் வேணுமில்லீங்?"

"நான் எங்கய்யா அழுதேன்?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். போர்வைக்கு மேலும் ஆறுதல் தொடரும்.

நான் எழுந்து குளிக்கப் போய்விட்டால் செல்போன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார். தமிழுக்கு எந்த எண்ணோ அதை அமுக்குவார். ஏதோ ஒரு பிளானைப் பற்றிக் கேட்டு ஆரம்பித்து, அங்கே மழை உண்டா, டிபன் என்ன என்பதில் வந்து நிற்கும். அந்தப் பெண், "வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?" என்று கேட்கும். "ஒண்ணும் வேண்டாமுங் அம்மணி, நீங்க சாப்டீங்களா?" என்பார்.

"எதுக்கய்யா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அங்க என்ற மூஞ்சி தெரியாதில்லீங்ணா. அந்தப் புள்ளைக்கு நான் பெருந்துறைக்காரன். அவ்வளவுதானுங்" என்றார்.

நேருக்கு நேராக அவரைப் பெருந்துறைக்காரர் என்று சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் நிஜமான ஜப்பான்காரர். முதலாளியின் கம்பெனிக்கு மிஷின் பொருத்த வந்த வயதான இன்ஜினியர். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மனிதர் சாப்பிட்டு முடித்துவிட்டு, கவுண்டருக்கு மேல் எட்டி, எந்த ஊர் என்று இங்கிலீஷில் மெல்லக் கேட்டார். ஜப்பான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திருட்டுத்தனமாக, "பெருந்துறை" என்றார். கிழவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஓ, பெருந்துறை! வெரி ஹாட்" என்று தலையாட்டினார். அங்கேயும் மிஷின் பொருத்தியிருக்கிறாராம். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் ஜப்பான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வாசலுக்கு வந்தால் "வாங்க" என்று கேட்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் போச்சு. "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் கோயம்புத்தூரில் ஏராளம். வாங்க என்று கேட்காத வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

ஜப்பான் ஓட்டலிலும் ஏறக்குறைய அதே முறைதான். ஆள் உள்ளே நுழைந்ததும் வேலைக்காரர்கள் எல்லோரும் "இரஷ்ஷைமாசே" என்று உரக்கக் கூவ வேண்டும். நம்மாள் இதில் எல்லோரையும் மிஞ்சிவிடுவார். கட்டிடமே அதிரும். "முறை தெரிஞ்ச சனமுங்ணா. அதையும் கேக்க வேண்டாமுன்னு சொல்லியிருந்தா நான் என்னைக்கோ ஓடிப்போயிருப்பேன்" என்பார்.

அவர் பெருந்துறைக்குப் போகாமலே இருந்ததற்குக் காரணமும் இந்த வாங்கதான். மில் லைன் வீட்டில் அடுத்த வாசல் சரசக்கா. இவருக்கு அப்பா அம்மா போன பிறகு சோறு போட்டு வளர்த்த வீடு அது. சரசக்கா கல்யாணத்தில் தம்பி முறைக்கு மண்டப வாசலில் நின்று, பன்னீர் தெளித்து, வருகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கும்படி இந்தியில் அதட்டினார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் யாரும், அவன் எங்கள் வீட்டுப் பையன் என்று சொல்லவில்லை. இவர் பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். நாற்காலிகளை எல்லாம் இறக்கினார். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார்.

"அவிங்களா வந்து பேசட்டுமுங்" என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார். அவர் பேசாமல் இருக்கும் நேரங்களில் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முதலாளி, பேங்க் அதிகாரிகள் சிலரோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் தம்பதி கவுண்டரில். கதவு திறந்தது. பட்டுப்புடவையில் ஒரு பெண், கூடவே புதுச்சட்டையில் கணவர். கணவர் கம்பெனியில் சூப்பர்வைசராகப் பதவி உயர்ந்ததற்குப் பரிசாக இரண்டு பேருக்கு விருந்துக் கூப்பன் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் இரஷ்ஷைமாசே என்று கூவினோம். ஒரு குரல் மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜப்பான் கத்தியைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார். வந்தது சரசக்கா என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கவுண்டரில் அவருக்கு நேர் எதிரே இடம் கொடுத்தார்கள். சரசக்கா அவரைப் பார்த்தார். அவர் மீனைப் பார்த்தார். தட்டு வந்தது. கணவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, விழுங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சரசக்கா தட்டைத் தொடவில்லை. தண்ணீரையும் தொடவில்லை.

"சாப்புடு புள்ள" என்றார் கணவர்.

"வாங்கன்னு கேக்காத எடத்துல நான் கை நனைக்கறதில்ல."

"இது ஓட்டலு. அந்தாளு ஜப்பான்காரரு, அவருக்கென்ன தெரியும்?"

"கேக்க வேண்டியவிங்களுக்குத் தெரியும்."

சரசக்காவின் குரல் சின்னக் குரல் இல்லை. பேராசிரியர் திரும்பினார். முதலாளியும் திரும்பி ஜப்பானை ஒரு பார்வை பார்த்தார். பெருந்துறை பஸ் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் அக்காவும் கிடையாது.

ஜப்பான் கத்தியை வைத்தார். கையைக் கழுவித் துடைத்தார். தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சரசக்காவுக்கு முன்னால் நின்றார்.

"வாங்கக்கா" என்றார். "வாங்க மச்சான்."

அவ்வளவோடு நிறுத்த அவரால் முடியுமா? அத்தனை மாதமாகத் தேக்கி வைத்தது மடை உடைத்துக்கொண்டது. "எப்பக்கா வந்தீங்க, பஸ்ஸுலயா வண்டீலயா, ஊட்ட ஆருகிட்ட உட்டுப்போட்டு வந்தீங்க, மாமனுக்கு மூட்டு வலி எப்படியிருக்குது, அய்யோ மொதல்ல தண்ணி குடிங்கக்கா, அந்தப் பச்சையத் தொட்றாதீங்க மச்சான், மண்டைக்கு ஏறிக்கும்!"

சரசக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, சோறு திங்காமப் போனயே? அந்தாளு உன்னை ஏவுனத மணவறைல உக்காந்து பாத்துட்டுத்தான்டா இருந்தேன். கழுத்துல மாலையோட எப்படிடா எந்திரிச்சு வாரது? எந்திரிச்சு வந்து பாத்தா நீயில்ல."

இரண்டு பேரும் அழுதார்கள். அந்தச் சமயம் பார்த்து, யாரோ கை தட்டும் சத்தம். பேராசிரியர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆகா! வந்து ஒரு வருசம்கூட இருக்காது. என்ன ஒரு தமிழ் பாருங்க! நம்ம பசங்களுக்கு வருமா?"

ஓட்டல் முழுவதும் தட்டியது. பேங்க் அதிகாரிகளும் தட்டினார்கள். சீட்டைக் கிழிக்க எழுந்த முதலாளி, பாதி வழியில் முகத்தை மாற்றிக்கொண்டு, "நம்ம செஃப்புக்குத் தமிழ்னா உசுருங்க" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"எதுக்குடா கை தட்றாங்க?" என்றார் சரசக்கா.

"நான் தமிழ் பேசறனாமாக்கா."

"பெருந்துறைல பொறந்தவன் பின்ன என்ன பாசை பேசுவான்?" என்று சத்தமாகவே கேட்டார். எல்லோரும் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள்.

வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு வாரமே லிஃப்ட் பக்கத்தில் போர்டு வைத்துவிட்டார் முதலாளி, "தமிழ் பேசும் ஜப்பான் செஃப்" என்று. சனம் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தது. "ஏனுங்க சாப்டீங்களா, சொல்லுங்க பாக்கலாம்!" இவர் சொல்வார். கை தட்டல். "கண்ணு, சொல்லுங்க!" சொல்வார். கை தட்டல். இவர் நிஜமாகவே, "சாப்பாடு எப்படிங் இருந்துச்சு?" என்று கேட்டால் அதற்கும் கை தட்டல்தான்.

அந்த நாட்களில்தான் அவர் அறையில் பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். போனையும் எடுப்பதில்லை. என்னய்யா ஆச்சு என்று ஒருநாள் வற்புறுத்திக் கேட்டேன்.

"ஊமையா இருந்தப்பக்கூட இப்படி இல்லீங்ணா" என்றார். "கை தட்டறாங்க. பதில் சொல்ல மாட்டீங்கறாங்க."

அந்த மாதத்தோடு போய்விட்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன். கண்டக்டர் அவரிடம் இந்தியில் ஊர் கேட்டார். ஜப்பான் சிரித்துக்கொண்டே பெருந்துறை என்றார். அறை எனக்கே எனக்கென்று ஆனது. வாடகையைப் பங்கு போட வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் பெருந்துறை போனேன். தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி, மீன் வறுவல் கடை. நன்றாக வெந்த மீன்தான். சரசக்கா மசாலா அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் சோர்ந்துபோய் வெளியே வந்தார்கள். ஜப்பான் அவர்களைப் பார்த்துக் கூவினார்.

"ஆவோங்க பையா! பைட்டோங்க! கானா காயாங்களா?"

இந்தியில் வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்யா, இந்தின்னாலே உனக்கு ஆகாதே?"

"இப்பவும் ஆகாதுங்ணா" என்றார், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "இந்தா நிக்கறானே, இந்தப் பையன் வந்ததுலேர்ந்து ஒருத்தருகிட்டயும் பேசலையாமுங். காட்டறது, தலையாட்டறது, போறது. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலீங். என்ற இந்தி கண்றாவியா இருக்குதாமா. சிரிக்கறானுங்க. சிரிச்சு முடிச்சுபோட்டு, அப்பறம் பேசறானுங்க."

அந்தப் பையன் ஏதோ சொன்னான். இவர் ஏதோ சொன்னார். தப்பு என்று அவன் திருத்தினான். இவர் ஒத்துக்கொள்ளாமல் எதிர்வாதம் செய்தார். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் என் பக்கம் திரும்பி, அந்தப் பையனின் அம்மா பெயர், ஊரில் எத்தனை ஆடு, அண்ணன் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதையெல்லாம் மூச்சு விடாமல் எனக்குச் சொன்னார்.

கோயம்புத்தூர் பஸ் ஒன்று வந்து நின்று, போனது. அடுத்ததும் வந்து போனது. போய் நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்க மாட்டாரா என்றிருந்தது.